அந்த முக்கால் மணி நேரம்

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். மகனுக்கு 20 வயது, ஐடிஐ இரண்டாம் வருடம் படிக்கிறான். ஊர்ப் பொங்கல் விழாவில் ஆடல் பாடல் நடந்தபோது, மேடைக்கு முன்னால் ஆடுவதில் இரண்டு தெருப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளு ஆனது. பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள். அப்போது என் மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒன்பதே முக்காலுக்கு அவன் கூட்டாளி போன் செய்து, "அண்ணனை அடிச்சுட்டாங்க, உடனே வா" என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு பைக்கில் போனான். பத்தரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மறுபடியும் சண்டை. ஒருவன் இரும்புப் பைப்பால் எதிர்த்தரப்புப் பையனைத் தலையில் அடித்துவிட்டான். அந்தப் பையன் நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனான். என் மகன் வேறொருவனைக் கன்னத்தில் அறைந்ததோடு சரி, இறந்த பையனைத் தொடவே இல்லை என்கிறான். எஃப்ஐஆரில் எட்டுப் பேர் பெயரும் "மற்றும் சிலர்" என்றும் இருக்கிறது. இவன் ஆறாவது. இப்போது கொலை வழக்காக மாற்றிவிட்டார்களாம். மகனை என் தம்பி வீட்டில் வைத்திருக்கிறோம். போனை உடைத்துப் போடச் சொல்கிறார்கள். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை மறுநாள் காலையிலேயே நான் துவைத்துவிட்டேன், அது தப்பா? ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்த்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்கிறார்கள். அடிக்காதவனுக்கும் கொலைத் தண்டனை உண்டா? இறந்த பையனின் அம்மா எனக்குத் தெரிந்தவள்தான். போய்ப் பார்க்கலாமா?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் ஊரை அடையாளம் காட்டும் சில விவரங்களை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல் அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

போனை உடைக்காதீர்கள். அதில் உள்ள எதையும் அழிக்கவும் கூடாது. கொலை வழக்கில் தடயத்தை அழிப்பது தனிக் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் போன் உங்கள் மகனுக்குச் சாதகமான சாட்சியாகவும் இருக்கலாம். யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், என்ன செய்தி வந்தது, சண்டைக்குப் பிறகு இவன் யாருக்குப் பேசினான் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. போனை உடைத்தாலும் கம்பெனியிடமிருந்து கால் விவரங்களைப் போலீஸ் வாங்கிவிடும். அழிந்துபோவது இவனுக்கு உதவக்கூடிய மிச்சம் மட்டும்தான்.

அடுத்தது உங்கள் தம்பி வீடு. குற்றம் செய்தவரைச் சட்டத்திடமிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு ஒளித்து வைப்பதும் குற்றம், பிரிவு 249. இதில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. பெற்ற தாய்க்கு இல்லை, தாய்மாமனுக்கும் இல்லை. இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பிள்ளையோடு சேர்த்து தாயையும் மாமனையும் வழக்கில் சேர்த்ததை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். இந்தப் பதில் உங்கள் கையில் கிடைக்கும் நாளிலேயே ஒரு குற்றவியல் வக்கீலைப் பாருங்கள். முன்ஜாமீன் கேட்பதா, நேரே நீதிமன்றத்தில் சரண் அடைவதா என்பதை அவர் எஃப்ஐஆரைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். கொலை வழக்கில் முன்ஜாமீன் சுலபமில்லை. ஆனாலும் சட்டம் கதவை மூடவில்லை. கையால் அறைந்தான் என்று மட்டும் எஃப்ஐஆரில் இருந்தால் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ கேட்டுப் பார்க்கலாம். தலைமறைவாக ஒவ்வொரு நாள் கழியும்போதும் "ஓடிப்போனவன்" என்ற பெயர் கெட்டியாகும். பிறகு ஜாமீன் கேட்கும்போது அரசு வக்கீல் முதலில் சொல்வது அதைத்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அடிக்காதவனுக்கும் கொலைத் தண்டனை உண்டா?

உண்டு, சில நிலைமைகளில். இதை மறைத்து உங்களைத் தேற்றுவது நான் செய்யும் துரோகம் ஆகிவிடும்.

கூட்டமாகச் செய்யும் குற்றத்தில், தன் கையால் செய்ததற்கு மட்டும்தான் பொறுப்பு என்று சட்டம் நின்றுவிடுவதில்லை. அதற்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று பிரிவு 3(5), பழைய சட்டத்தில் 34. பலர் பொதுவான ஓர் எண்ணத்தோடு சேர்ந்து ஒன்றைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தானே தனியாகச் செய்தது போலப் பொறுப்பு. இதற்கு இரண்டு பேர் போதும். இன்னொன்று பிரிவு 190, பழைய 149. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடியிருக்கும்போது, அந்தப் பொது நோக்கத்துக்காக அவர்களில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு அந்நேரம் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் குற்றவாளிகள். அந்த நோக்கம் நிறைவேறும்போது இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று தெரிந்திருந்தாலும் அதே பொறுப்புதான். உங்கள் மகன் மீது கொலைக்கான 103(1) உடன் 190 என்று போட்டிருப்பார்கள். கொலை நிரூபணமாகி 190-ம் பொருந்தினால், பைப்பைப் பிடித்தவனுக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் தண்டனைப் பிரிவு ஒன்றே. ஆயுள் அல்லது மரணம்.

இந்தச் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் காட்ட இரண்டு பழைய வழக்குகளைச் சொல்கிறேன். சட்டக் கல்லூரியில் முதலில் படிப்பது இவற்றைத்தான்.

1923-ல் கல்கத்தாவில் ஒரு தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டர் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் துப்பாக்கியோடு வந்து பணத்தைக் கேட்டார்கள், சுட்டார்கள், அவர் இறந்துவிட்டார். பிடிபட்ட பரேந்திர குமார் கோஷ், "நான் சுடவில்லை, வெளியே முற்றத்தில் நின்றேன், அதுவும் பயந்துபோய் நின்றேன்" என்றார். வழக்கு, அன்றைக்கு இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் அந்த வாதம் எடுபடவில்லை. திட்டமிட்டு வந்த கூட்டத்தில் வெளியே நின்றவனும் தன் பங்கைச் செய்தவன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று சிந்து நதிக்கரையில் 1943-ல் நடந்தது. படகில் வந்து நாணல் வெட்டிக்கொண்டு போனவர்களிடம் காசிம் ஷா என்பவர் தகராறு செய்தார். அவர் அடிபட்டு அலறிய சத்தம் கேட்டு உறவினர்களான வலி ஷாவும் மஹ்பூப் ஷாவும் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். வலி ஷா சுட்டதில் ஒருவர் செத்தார். மஹ்பூப் ஷா சுட்டதில் இன்னொருவருக்குக் காயம். வலி ஷா தப்பிவிட்டார். மாட்டிக்கொண்ட மஹ்பூப் ஷாவுக்கு மரண தண்டனை, லாகூர் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1945-ல் பிரிவி கவுன்சில் அந்தக் கொலைத் தண்டனையை ரத்து செய்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருந்திருக்கலாம், ஆனால் கொல்வது என்று இருவரும் சேர்ந்து வந்ததாக நிரூபணம் இல்லை, அவர்கள் வந்தது காசிம் ஷாவைக் காப்பாற்ற என்றார்கள். ஒருவன் துப்பாக்கியோடு வந்து சுட்டும் இருக்கிறான், ஆனாலும் பக்கத்தில் இருந்தவன் செய்த கொலை இவன் தலையில் விழவில்லை. உங்கள் மகனின் வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பு பயன்படும். அது பிரிவு 34-ல் வந்த தீர்ப்பு, 190-க்கு அளவுகோல் கொஞ்சம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இரண்டு வழக்குக்கும் நடுவில்தான் உங்கள் மகன் நிற்கிறான். எந்தப் பக்கம் சேர்வான் என்பது கன்னத்தில் அறைந்ததை வைத்து முடிவாகாது. ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரை வரை இருந்த முக்கால் மணி நேரத்தை வைத்துத்தான் முடிவாகும்.

மேடைக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளிலேயே யாராவது கோபத்தில் கையில் அகப்பட்டதை எடுத்து அடித்திருந்தால் வழக்கின் முகமே வேறு. முன்யோசனை இல்லாமல் திடீரென்று மூண்டு இரு பக்கமும் கலந்த சண்டையில் பொது நோக்கம் என்று ஒன்று இல்லை, அவரவர் செய்ததற்கு அவரவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் முதல் சண்டையைப் பெரியவர்கள் முடித்துவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போன் போயிருக்கிறது, ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், பைக்கில் இன்னொரு இடத்துக்குப் போயிருக்கிறார்கள். "கோபம் தணிய நேரம் இருந்தது, தணியவில்லை, பழிவாங்கத் திரண்டு போனார்கள்" என்றுதான் அரசுத் தரப்பு பேசும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன்.

அதனால் உங்கள் மகனை உட்கார வைத்து வக்கீல் முதலில் கேட்க வேண்டியது, "யாரை அடிச்சே?" என்பது இல்லை. பைக்கில் ஏறும்போது உனக்கு என்ன தெரியும் என்பதுதான். போனில் சொன்னது "அண்ணனை அடிச்சுட்டாங்க, வா" என்பது மட்டும்தானா, "அவனுங்களைச் சும்மா விடக்கூடாது" என்றும் சொன்னானா? வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது வந்ததா? முதலில் எங்கே போனான், அடிபட்டவனைப் பார்க்கவா, நேரே தண்ணீர்த் தொட்டிக்கா? தொட்டிக்குப் போகலாம் என்று யார் சொன்னது? எதிர்த்தரப்புப் பையன்கள் அங்கே தற்செயலாக நின்றார்களா, அவர்களும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்களா?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, அந்தப் பைப் எங்கிருந்து வந்தது என்பது. தொட்டி பக்கத்தில் குழாய் வேலைக்காகக் கிடந்த பைப்பை அடிதடியின் நடுவில் ஒருவன் சட்டென்று எடுத்தான் என்றால், கூட வந்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்க வழியில்லை. கைகலப்பு ஆகும் என்று தெரியும், உயிர் போகும் என்று தெரியாது என்ற வாதம் அப்போது நிற்கும். பைப் பைக்கிலேயே வந்திருந்தால், அதுவும் இவன் ஓட்டிய பைக்கில் பின்னால் இருந்தவன் மடியில் வந்திருந்தால், தெரியாது என்று சொல்ல இடம் குறைவு. இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகிற கூட்டத்தில், மண்டை உடையும் என்பது ஊகிக்க முடியாத விஷயம் இல்லை. ஆகவே ஸ்பாட் மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவில், அந்த இடத்தில் வேறு பைப் துண்டுகள் கிடந்ததாக இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். போலீஸ் எழுதவில்லை என்றால், கிடக்கிற பைப்புகளைத் தள்ளி நின்று படம் எடுத்து வைக்கலாம். எதையும் தொடக்கூடாது, எதையும் புதிதாகக் கொண்டுபோய்ப் போடவும் கூடாது.

பைப் அடி விழுந்த பிறகு உங்கள் மகன் என்ன செய்தான் என்பதும் பார்க்கப்படும். அடி விழுந்ததும் மிரண்டு ஓடினானா, விழுந்தவனை மற்றவர்கள் உதைக்கும்போதும் அங்கேயே நின்றானா? 108-க்கு யார் போன் செய்தது? ஓடியது மட்டுமே இவனைக் காப்பாற்றிவிடாது. ஆனால் நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அடி விழும் முன்பே விலகிப் போயிருந்தால் இன்னும் பலம்.

உங்களிடம் ஒன்று மனசு திறந்து சொல்ல வேண்டும். இம்மாதிரி வழக்கில் எஃப்ஐஆரில் தேவைக்கு மேல் பெயர்கள் சேர்வது உண்டு. அண்ணன், தம்பி, மாமன் மகன் என்று ஒரு தெருவையே எழுதிவிடுவார்கள். அதை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்று சண்டை போடுவது என் தொழில். ஆனால் கூட்டத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிற இந்தச் சட்டத்தைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. தனியாக இருந்திருந்தால் அந்தப் பையன் பைப்பை ஓங்கியிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் ஏழு பேர் நின்ற தைரியம் அந்தக் கையில் இருந்தது. அதனால்தான் கூட நின்றவனையும் சட்டம் கேள்வி கேட்கிறது.

கேள்வி கேட்கிறதே தவிர, கண்ணை மூடிக்கொண்டு தண்டிப்பதில்லை. 1964-ல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொன்னது. சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினர் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அடித்ததை நிரூபிக்க வேண்டியதில்லை. அதே சமயம், வேடிக்கை பார்க்க வந்து நின்றவன் உறுப்பினர் ஆகமாட்டான். பெரிய கூட்டம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரே ஒரு சாட்சி பெயர் சொன்னதை மட்டும் நம்பித் தண்டிக்காமல், குறைந்தது இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்துச் சொல்கிறார்களா என்று பார்ப்பது பாதுகாப்பு என்றும் ஏற்றுக்கொண்டது. உங்கள் மகன் வேடிக்கை பார்த்தவன் இல்லை, ஒருவனை அறைந்திருக்கிறான். அதனால் "உறுப்பினரே இல்லை" என்ற வாதம் கஷ்டம். "என் நோக்கம் கைகலப்போடு நின்றது, கொலை அதற்கு வெளியே நடந்தது" என்ற வாதம்தான் இவனுடையது. அதை நீதிமன்றம் ஏற்றால், அறைந்ததற்குப் பிரிவு 115(2), ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். கலவரத்துக்குப் பிரிவு 191(2), இரண்டு ஆண்டு வரை. ஆயுள் தண்டனைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரத்தைத்தான் மேலே கேட்ட கேள்விகள் தீர்மானிக்கின்றன.

பைப்பால் அடித்தவன் செய்தது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்பது இன்னொரு கட்டம். ஒரே அடியா, பல அடியா, எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒரே அடி என்பதால் கொலை ஆகாது என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். 1958-ல் வீர்சா சிங் வழக்கில் ஈட்டிக் குத்து ஒன்றுதான். குத்த நினைத்த இடத்தில் குத்தியிருக்கிறான், அந்தக் காயம் சாதாரணமாக உயிரைப் போக்கப் போதுமானது, அப்படியானால் அது கொலைதான் என்றது உச்ச நீதிமன்றம். திடீர்ச் சண்டை என்ற விலக்கு கிடைத்தால் வழக்கு பிரிவு 105-க்கு இறங்கும். அதில் எண்ணத்தோடு செய்ததென்றால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு, தெரிந்து மட்டும் செய்ததென்றால் 10 ஆண்டு வரை. அந்த விலக்குக்கும் முட்டுக்கட்டை அதே முக்கால் மணி நேரம்தான்.

கையால் அடிப்பதை லேசாக நினைப்பவர்களுக்காக ஒன்று. பட்டியாலாவில் 1988 டிசம்பரில் வண்டி வழிவிடாத தகராறில் 65 வயதுப் பெரியவர் ஒருவர் அடிபட்டு இறந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து மீது வழக்கு. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை வெறும் காயக் குற்றமாக்கி 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. இறந்தவர் குடும்பம் விடவில்லை. 2022-ல் மறுசீராய்வில் அதே காயக் குற்றத்துக்கு ஓராண்டு சிறை விதித்தார்கள். நல்ல உடல்வலு உள்ளவன் கையே ஆயுதம்தான் என்று அதில் சொன்னது உச்ச நீதிமன்றம். சம்பவத்துக்கும் சிறைக்கும் நடுவில் 33 வருடம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரி விஷயம். "சரியாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான்" என்பதைப் பெரிய துருப்பாக நினைத்து வைத்திருக்காதீர்கள். தகுந்த சிகிச்சை கிடைத்திருந்தால் சாவைத் தடுத்திருக்கலாம் என்றாலும், காயத்தை உண்டாக்கியவன்தான் சாவை உண்டாக்கியவன் என்று பிரிவு 100-ன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இறந்த பையனின் குடும்பம் அந்த நாலு நாள் ஐசியூ வாசலில் கிடந்திருக்கும். சட்டத்தில் நிற்காத ஒரு பேச்சு அவர்கள் காதில் விழ வேண்டாம்.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தேவையான ஒரு தாள் இருக்கிறது. ஏ.ஆர். காப்பி என்போம், ஆக்சிடன்ட் ரிஜிஸ்டர் நகல். அடிபட்டவரைக் கொண்டுவந்தவுடன், போலீஸ் வருவதற்கு முன்பே, டூட்டி டாக்டர் எழுதுவது அது. "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், தெரிந்த நபர்கள் இத்தனை பேர், இன்ன ஆயுதத்தால் தாக்கியதாக" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்து வழக்கே திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். நான் நடத்திய ஒரு வழக்கில் எஃப்ஐஆரில் பதினோரு பேர். ஏ.ஆர். காப்பியில் மூன்று பேர், கட்டை. கொண்டுவந்து சேர்த்தவர் இறந்தவரின் சொந்தச் சித்தப்பா. சாட்சிக் கூண்டில் அவரிடம், "ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டரிடம் மூன்று பேர் என்று சொன்னீர்களே, விடிவதற்குள் பதினோரு பேர் எப்படி ஆனார்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பேர் விடுதலை ஆனார்கள். உங்கள் வழக்கில் அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வக்கீல் முதலில் வாங்கிப் படிக்க வேண்டியது அது. உங்கள் மகன் தரப்பில் முதலில் அடிபட்ட அந்த "அண்ணனு"க்கும் சிகிச்சை சீட்டு இருக்குமே, அதையும் பத்திரப்படுத்துங்கள். அவர் புகார் கொடுத்திருந்தால் அது கவுண்டர் கேஸ், அதாவது அதே சம்பவத்தில் எதிர்த்தரப்பு மீதான வழக்கு. இரண்டு வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது முறை.

சட்டை துவைத்த விஷயம். வீட்டு அழுக்குத் துணியோடு விவரம் தெரியாமல் துவைத்தது குற்றம் ஆகாது. குற்றவாளியைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தால்தான் குற்றம். ரத்தக்கறையைப் பார்த்துத்தான் துவைத்தீர்களா என்பதை எனக்கு எழுத வேண்டாம், வக்கீலிடம் மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தச் சட்டையை இனி எரிக்கவோ தூக்கிப் போடவோ செய்யாதீர்கள். பேண்ட், செருப்பு இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

கைது ஆனால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது, அவன் சொல்லி ஒரு பொருளை எடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அடித்தால் ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அங்கே பயந்து பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் சொன்னால் எடுபடுவது கஷ்டம். 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் 91-ஆம் நாள் ஜாமீன் கேட்பது அவன் உரிமை, நாளை எண்ணிக்கொண்டிருங்கள். வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போன பிறகு, ஆதாரமே இல்லை என்று விடுவிக்கக் கேட்க 60 நாள் அவகாசம்தான் உண்டு, அதையும் வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள். எதிர்த்தரப்பு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் முன்ஜாமீன் பற்றி மேலே சொன்னது பொருந்தாது, அந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது. எஃப்ஐஆரில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடன் வந்தவர்களில் 18 வயது ஆகாத பையன் யாராவது இருந்தால் அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தனியாகப் போகும்.

யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, "அன்னைக்கு அவன் ஊரிலேயே இல்லை, மதுரையில இருந்தான்னு சொல்லிடலாம், நாலு சாட்சி பிடிச்சுத் தர்றேன்" என்பார். தயவுசெய்து அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். விழாக் கூட்டத்தில் எத்தனை போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? டவர் விவரம் அவன் ஊருக்குள் இருந்ததைக் காட்டிவிடும். ஒரு பொய் உடைந்தால், பைப்பை எதிர்பார்க்கவில்லை என்கிற உண்மையையும் நீதிபதி நம்பமாட்டார். போனது உண்மை, ஒருவனை அறைந்தது உண்மை, பைப் அடி விழுந்ததும் அலறி ஓடியது உண்மை என்றால் அதுதான் அவனுடைய தற்காப்பு. நீதிமன்றத்தில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்பது வக்கீல் முடிவு. மௌனமாக இருக்க அவனுக்கு உரிமை இருக்கிறது, குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. ஆனால் வக்கீலிடம் மட்டும் பைப் எங்கிருந்து வந்தது என்பது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நண்பனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று இந்த வயதில் தயங்குவார்கள். நீங்கள்தான் பேச வைக்க வேண்டும்.

கடைசியாக, அந்த அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகக் கொலை வழக்குகள் நடத்துகிறேன். குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தது மிகக் குறைவு. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது போகாதீர்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் வழக்கின் சாட்சிகள். நீங்கள் அழப் போனதை, சாட்சியைக் கலைக்கப் போனதாக எழுதிவிட முடியும். உங்கள் மகனின் ஜாமீன் அதனாலேயே ரத்தாகலாம். கொலை வழக்கில் சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமும் இல்லை, எவ்வளவு பணம் பேசினாலும். அதனால் ஊர்ப் பெரியவர்கள் யாரையும் உங்கள் சார்பாக அனுப்பவும் வேண்டாம். அங்கே உள்ள ரணத்தில் அது மிரட்டலாகத்தான் விழும். பொது வழியில் அந்த அம்மா எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் பேச வேண்டாம். அவர்கள் சாட்சி சொல்லி முடித்து, தீர்ப்பும் வந்த பிறகு, தீர்ப்பு எப்படி இருந்தாலும், போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வாருங்கள். அதற்குச் சில வருடம் ஆகும். அதுவரை இவன் செய்த தப்பை வீட்டுக்குள் யாரும் சின்னதாக்கிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது எஃப்ஐஆர் நகல், மகனின் பள்ளிச் சான்றிதழ், ஐடிஐ அடையாள அட்டை, அந்தப் போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அவனையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.